ஸ்ட்ராட் பிரிட்ஜ் பிக்கப் காதைக் கிழிக்குது, மேடையில உர்ர்ர்னு இரைச்சல் வேற. எதை வாங்கிப் போடலாம்?

மேடைக்காரன் (மதுரை) – ஞாயிறு இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். மெல்லிசைக் குழுவில கிட்டார் வாசிக்கிறேன், ரெண்டு வருஷம் ஆச்சு. கையில இருக்கறது ஒரு ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) காப்பி. தந்தி அதிர்வைப் பிடிச்சு ஆம்ப்புக்கு அனுப்பற காந்தச் சுருள், அதான் பிக்கப், மூணு இருக்கு. மூணும் சிங்கிள் காயில், அதாவது ஒத்தைச் சுருள். பேர் சொன்னா சிரிப்பீங்க, விடுங்க. கழுத்துப் பக்கம் இருக்கற நெக் பிக்கப் பரவாயில்ல. தந்தி முடியற பக்கத்துல இருக்கற பிரிட்ஜுக்கு ஸ்விட்சைத் தட்டினா தகரத்தை ஆணியால கீறின மாதிரி இருக்கு. லீட் பிட்டு வந்தாலே கீபோர்டு அண்ணன் திரும்பி முறைக்கிறார்.

போன வாரம் ஒரு அம்மன் கோயில் திருவிழா. மேடையைச் சுத்தி சீரியல் லைட்டு, பின்னாடி ஜெனரேட்டர். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல அறிவிப்பாளர் பேசுறப்ப என் ஆம்ப்ல இருந்து உர்ர்ர்னு ஒரே சத்தம். கடைசில அவரே மைக்ல "தம்பி, அந்த வண்டை அடக்குப்பா"ன்னுட்டார். ஊரே சிரிச்சிருச்சு.

பிக்கப் மாத்தறதுன்னு முடிவு பண்ணிட்டேன். சீமோர் டங்கன் ஜேபி போடுங்கறாங்க, டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன் போடுங்கறாங்க. பிக்கப் கம்பியோட தடை, அந்த கிலோ ஓம் எவ்வளவு கூடவோ அவ்வளவு கனமா கேக்கும்னு ஒருத்தர் சொல்றார். கையில இருக்கற காசுக்கு ஒரே ஒரு பிக்கப்தான் முடியும். எதை வாங்கட்டும்?

—

டவுன்பிக் (கோவை) – ஞாயிறு நள்ளிரவு 12.15

இஎம்ஜி 81. பேச்சே வேணாம். ஆக்டிவ் பிக்கப், 9 வோல்ட் பேட்டரி போட்டா ஹம்மே, அதான் அந்த உர்ர்ர் சத்தமே, இருக்காது. நான் நாலு வருஷமா போட்டிருக்கேன்.

—

சால்டர்சாமி (சென்னை) – திங்கள் காலை 7.05

டவுன்பிக் ப்ரோ, நீங்க வாசிக்கறது வேற, தம்பி வாசிக்கறது வேற. 81-ஐ தூக்கி அந்தக் கிட்டார்ல போடணும்னா பாட் (நாப்புக்கு அடியில இருக்கற மாறு தடை) எல்லாத்தையும் 25 கே-வுக்கு, அதாவது 25 கிலோ ஓமுக்கு மாத்தணும், ஜாக்கை ஸ்டீரியோ ஜாக்கா மாத்தணும், பேட்டரிக்கு உள்ள இடம் பாக்கணும். பக்கத்துல இருக்கற ரெண்டு சாதா பிக்கப்போட அது ஒத்தும் போகாது. திருவிழா அன்னைக்கு ராத்திரி ஒம்போது மணிக்கு பேட்டரி செத்தா எந்தக் கடையைத் தட்டறது?

மேடைக்காரன் தம்பி, ஜேபியும் சூப்பர் டிஸ்டார்ஷனும் முழு சைஸ் ஹம்பக்கர், அதாவது ரெட்டைச் சுருள் பிக்கப். உங்க பிக்கார்டுல (பிக்கப் மாட்டியிருக்கற முன்பக்கத் தகடு) இருக்கறது சிங்கிள் காயில் ஓட்டை. பிக்கார்டை வெட்டணும், உள்ள மரத்துல குழி பத்தலைன்னா அதையும் தோண்டணும். அது அப்புறம். வாங்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பாத்துச் சொல்லுங்க:

பிரிட்ஜ் பிக்கப்ல இருக்கும்போது டோன் நாப் எதையாவது திருப்பினா சத்தம் மாறுதா?
வால்யூம் பாட் முதுகுல என்ன எழுதியிருக்கு, 250-ஆ 500-ஆ?
பிக்கப்புக்கும் தந்திக்கும் எவ்வளவு இடைவெளி?
பிக்கப்பைக் கவுத்துப் பாத்தா அடியில கறுப்பா காந்தப் பட்டை ஒட்டியிருக்கா?

—

பழைய_வால்வு (சேலம்) – திங்கள் காலை 9.30

எண்பதுகள்ல நாங்க ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்சப்ப பிக்கப் மாத்தறதுங்கற பேச்சே கிடையாது. கிட்டார்ல என்ன இருந்ததோ அதுதான். வெளிநாட்டுலயும் 1972-ல டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன் வந்த பிறகுதான் பிக்கப்பைத் தனியா வாங்கி மாத்தறது ஒரு பழக்கமா ஆச்சு. எல்லாம் ஆம்ப்லதான் இருக்கு தம்பி. ட்ரெபிளைக் குறைச்சு வைங்க, தீந்தது.

—

மேடைக்காரன் – திங்கள் இரவு 10.50

சால்டர்சாமி அண்ணே, பிக்கார்டைக் கழட்டிப் பாத்தேன். முதல் தடவை, கை நடுங்குச்சு.

டோன் நாப் ரெண்டையும் பூஜ்யம் வரைக்கும் திருப்பினேன், பிரிட்ஜுல ஒரு மாத்தமும் இல்ல. நாப் கெட்டுப்போச்சா? பாட்ல 500 கே-ன்னு போட்டிருக்கு. அடியில கறுப்புப் பட்டை இருக்கு, பசை போட்டு ஒட்டியிருக்கு. மேல தெரியற ஆறு கம்பமும் இரும்பு மாதிரி இருக்கு. இடைவெளி அளக்கத் தெரியல. கடைசி ஃப்ரெட்ல வாசிச்சா தந்தி பிக்கப்ல இடிக்குது.

பழைய_வால்வு சார், ட்ரெபிளைக் குறைச்சா பிரிட்ஜ் சரியாகுது, நெக் போர்வைக்குள்ள போயிடுது. பாட்டு நடுவுல ஆம்ப் பக்கம் ஓட முடியாதே.

—

சால்டர்சாமி – செவ்வாய் காலை 6.50

நாப் கெடல. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-ல வந்ததுல இருந்து பழைய வயரிங் அப்படித்தான். ஒரு டோன் நெக்குக்கு, இன்னொண்ணு மிடிலுக்கு, பிரிட்ஜுக்கு ஒண்ணும் கிடையாது. மூணுலயும் ரொம்பக் கூர்மையா ஒலிக்கறது எதுவோ அதுக்கு மட்டும் கடிவாளம் இல்ல. ஸ்விட்ச்ல டோன் பக்கத்து வரிசையில மிடில் லக்கையும் பிரிட்ஜ் லக்கையும் (லக்னா வயர் பத்த வைக்கற கால்) ஒரு துண்டு வயரால சேத்துட்டா ரெண்டாவது டோன் பிரிட்ஜுக்கும் வேலை செய்யும். அரை அங்குல வயர், ரெண்டு சொட்டு ஈயம். உங்களுது பெட்டி மாதிரி மூடின ஸ்விட்ச்னா லக் வரிசை வேற, ஃபோட்டோ போடுங்க, நான் குறிச்சுத் தரேன். தெரியாம எதையும் பத்த வைக்காதீங்க.

அடுத்தது பாட். சிங்கிள் காயிலுக்கு வழக்கமா 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே. பிக்கப்ங்கறது சுருள், கேபிள்ங்கறது ஒரு குட்டிக் கெப்பாசிட்டர். ரெண்டும் சேர்ந்தா குறிப்பிட்ட ஒரு அலைவரிசையில ஒலி முட்டிக்கிட்டு மேல எழும்பும். பாட் மதிப்பு குறையக் குறைய அந்த மேடு அமுங்கும். உங்களுக்கு 500 கே இருக்கறதால மேடு முழுசா நிக்குது. அதுதான் காதைக் குத்தறது.

புது பாட் வாங்க வேண்டாம், முதல்ல சோதிச்சுப் பாருங்க. எலக்ட்ரானிக்ஸ் கடையில 470 கே ரெசிஸ்டர் ஒண்ணு கேளுங்க, சில்லறைக் காசுதான். மஞ்சள், ஊதா, மஞ்சள்னு கோடு இருக்கும். வால்யூம் பாட்டோட ரெண்டு ஓரக் கால்களுக்கும் குறுக்கே அதைப் பத்த வைச்சா 500-உம் 470-உம் சேர்ந்து 242 கே ஆயிடும்.

உயரம்: கடைசி ஃப்ரெட்ல தந்தியை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு தந்தியோட அடிக்கும் கம்பத்துக்கும் நடுவுல அளக்கணும். தடித்த பக்கம் 2 மி.மீ., ஒல்லிப் பக்கம் 1.6 மி.மீ., இது ஃபெண்டர்காரங்க சொல்ற ஆரம்பக் கணக்கு. ஸ்கேல் இல்லையா? ஏடிஎம் கார்டு ஒண்ணு 0.76 மி.மீ. கனம். ஒல்லித் தந்திக்குக் கீழ ரெண்டு கார்டு சொருகற அளவு, தடித்த தந்திக்குக் கீழ மூணு கார்டு இடிச்சுக்கிட்டு நுழையாம நிக்கற அளவு.

—

ஐந்தரைக்கட்டை (திருச்சி) – செவ்வாய் பிற்பகல் 2.20

உயரத்தைப் பத்தி நானும் சொல்லணும். பிரசன்னா எலக்ட்ரிக் கிட்டார்ல கர்நாடக சங்கீதம் வாசிக்கறதைக் கேட்டுட்டு வீணையில இருந்து ஸ்ட்ராட்டுக்கு வந்தவள் நான். முதல் ஆறு மாசம் நெக் பிக்கப்பை எவ்வளவு ஏத்த முடியுமோ அவ்வளவு ஏத்தி வச்சிருந்தேன், சத்தம் கூடும்னு. தடித்த தந்தியில 15-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல நின்னா ஸ்வரம் நடுங்கும். ட்யூனர் வச்சா முள் ஒரு இடத்துல நிக்காது. என் விரல்தான் சரியில்லைன்னு நெனச்சு தினமும் சாதகம் பண்ணிக்கிட்டு இருந்தேன், அழுகையே வரும். கடைசில பாத்தா காந்தம் தந்தியைப் பிடிச்சு இழுத்திருக்கு. ஸ்க்ரூவை நாலு சுத்து இறக்கினதும் சரியாப்போச்சு.

பிறகு நெக்குக்கு மட்டும் ஆல்னிகோ 2 காந்தம் போட்டது வாங்கினேன். ஆல்னிகோ 5-ஐ விட இழுப்பு குறைவு, தாக்கமும் மென்மை. ஒரு தட்டுல நாலு ஸ்வரத்தை இழுத்து வாசிக்கறவங்களுக்கு நாதம் நீளணும் இல்லையா. பட்டுனு தெறிக்கற ரிதம் வேணும்னா 5-தான் சரி, 2 கொஞ்சம் சோம்பலாத் தோணும்.

—

டவுன்பிக் – செவ்வாய் மாலை 6.10

சரி, 81-ஐ வாபஸ் வாங்கிக்கறேன் 😄 ஆனா கிலோ ஓம் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. அது கூடினா அவுட்புட் கூடத்தானே செய்யும்?

—

சால்டர்சாமி – செவ்வாய் இரவு 9.45

ஒரே கம்பி, ஒரே காந்தம், ஒரே அச்சுன்னா ஓரளவுக்கு உண்மை. சுத்து கூடினா தடை கூடும், ஒலியும் கூடும். ஆனா கம்பி ஒல்லியானா சுத்து கூடாமலேயே ஓம் ஏறும். டெலிகாஸ்டர் நெக் பிக்கப்பைப் பாருங்க, 42 கேஜுக்குப் பதிலா அதைவிட ஒல்லியான 43 கேஜ் கம்பி. மீட்டர்ல நல்லா காட்டும், கேட்டா பிரிட்ஜை விட சாதுவா இருக்கும்.

இன்னொரு கூத்து. தாமிரத்தோட தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில 6 கே காட்டற பிக்கப் மே மாசத்துல 35 டிகிரி அறையில 6.35 கே காட்டும். அதுக்காக மே மாசத்துல கிட்டார் கனமா ஒலிக்குமா என்ன?

பாக்க வேண்டியது இண்டக்டன்ஸ், அதாவது சுருளோட தூண்டல் அளவு, ஹென்றி கணக்கு. சாதா ஸ்ட்ராட் பிக்கப் 2.4 ஹென்றி பக்கம் இருக்கும். 5 மீட்டர் கேபிள் சுமார் 500 பிக்கோஃபாரட், சுருளோடது ஒரு 100 சேத்துக்குங்க, மேடு 4.2 கிலோஹெர்ட்ஸ்ல வந்து நிக்கும். ஜேபி மாதிரி 8 ஹென்றி வாக்குல இருக்கறதை அதே கேபிள்ல சொருகினா மேடு 2.3-க்கு இறங்கிடும். கனமா இருக்குன்னு நாம சொல்றது பெரும்பாலும் இந்த இறக்கத்தைத்தான். இறங்கினா மினுமினுப்பும் போகும். கிளீன் கார்டுல கண்ணாடி மாதிரி மணி ஒலி எதிர்பாக்காதீங்க.

கேபிளும் இதே வேலையைச் செய்யும். அதே ஸ்ட்ராட்டுக்கு 10 மீட்டர் கேபிள் போட்டா 4.2 இருந்த மேடு 3.1-க்கு வந்துடும். நடுவுல பஃபர் பெடல் (சிக்னலைத் தாங்கி அனுப்பற பெடல்) இருந்தா அதுக்கு அப்பால இருக்கற கேபிள் கணக்குல வராது.

—

பழைய_வால்வு – செவ்வாய் இரவு 10.30

நாங்க மேடையில 10 மீட்டர் கேபிள்தான் வச்சிருந்தோம். அதனாலதான் ஒலி இதமா இருந்ததோ! இத்தனை வருஷமா ஆம்ப்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

தம்பிக்கு வேற ஒண்ணு சொல்றேன், இது பிக்கப் சமாச்சாரம் இல்ல. மேடையில தந்தியைத் தொட்டுக்கிட்டே மைக்ல உதடு வச்சா சுர்ருனு இழுக்குதான்னு கவனிங்க. இழுத்தா எர்த் சரியில்லைன்னு அர்த்தம். ஜெனரேட்டர்காரர் எர்த் கம்பி அடிக்காம விட்டிருப்பார். அதை சரி பண்ணச் சொல்லிட்டு ஏறுங்க. நானே ஒரு தடவை மேடையில இருந்து விழுந்திருக்கேன்.

—

மேடைக்காரன் – வியாழன் இரவு 11.20

ஐயோ சார், இழுத்திருக்கு! கீபோர்டு அண்ணன் மைக்ல பஞ்சு உறை மாட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான். இனிமே முதல்ல ஜெனரேட்டர் அண்ணனைத்தான் பாக்கப்போறேன்.

அண்ணே, நீங்க குறிச்சுக் கொடுத்தபடி ஜம்பர் (அந்தத் துண்டு வயர்) போட்டுட்டேன், 470 கே போட்டுட்டேன், ஏடிஎம் கார்டு வச்சு இறக்கிட்டேன். டோனை 6-ல வச்சு பிரிட்ஜுல வாசிச்சேன். நிஜமாவே வேற கிட்டார். தகரம் போச்சு. அம்மா உள்ள இருந்து "புதுசு வாங்கிட்டியாடா"ன்னு கேட்டாங்க.

ஆனா ரெண்டு குறை. ஹம் அப்படியே இருக்கு. டிஸ்டார்ஷன் போட்டா லீட் இன்னும் மெலிசா இருக்கு.

—

சால்டர்சாமி – வெள்ளி காலை 7.15

ஹம் போகாது, எதிர்பாத்ததுதான். இப்பதான் பிக்கப் பேச்சுக்கு வரோம்.

இரைச்சல்ல ரெண்டு ஜாதி. லைட்டு டிம்மர்ல இருந்து வர்ற ஜ்ஜ்ஜ்னு பொரியற சத்தம் ஒண்ணு. பிக்கார்டுக்குப் பின்னாடியும் குழிக்குள்ளயும் தாமிரத் தாள் ஒட்டி கிரவுண்டுல சேத்தா அது நல்லாவே குறையும். இன்னொண்ணு டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து வர்ற 50 ஹெர்ட்ஸ் உறுமல். அது காந்தப்புலம், தாமிரத் தாளை அது மதிக்காது. எது எதுன்னு தெரியணும்னா ஆம்ப் பக்கத்துல உக்காந்து கிட்டாரை மெதுவா திருப்புங்க. ஒரு திசையில உறுமல் செத்துப்போகும், பொரியல் மட்டும் மிஞ்சும்.

உறுமலுக்குத்தான் கிப்சன்ல சேத் லவர் 1955-ல ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு எழுதினார், 1959-ல கிடைச்சது. ரெண்டு சுருள், எதிரெதிரா சேர்க்கை, காந்த முனையும் எதிரெதிர். வெளிய இருந்து வர்ற உறுமல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், தந்தியோட ஒலி மட்டும் கூடும். மத்தபடி கனமான ஒலிங்கறது கூடவே வந்த குணம், அதுக்காகக் கண்டுபிடிச்சது இல்ல.

உங்களுக்கு சிங்கிள் காயில் சைஸ்லயே வர்ற ஹம்பக்கர் போதும். ரெண்டு சின்னச் சுருள் பக்கத்துல பக்கத்துல, கம்பத்துக்குப் பதிலா நீளத் தகடு. சீமோர் டங்கன்ல லிட்டில் 59, ஜேபி ஜூனியர் ரெண்டும் இந்த வகை. கிளீனும் வாசிக்கறதால லிட்டில் 59 பக்கம் போங்க. ஜேபி ஜூனியர் இன்னும் முரடு.

—

ஐந்தரைக்கட்டை – வெள்ளி காலை 11.00

தகடு வகையில இன்னொரு வசதி. தந்தியைப் பக்கவாட்டுல இழுக்கறப்ப கம்பத்தை விட்டு விலகி ஒலி மங்கறது எனக்கு உறுத்தும், தகட்டுல அந்தப் பிரச்சினை இல்ல. காப்பி கிட்டார்கள்ல தந்தி இடைவெளி கொஞ்சம் நெருக்கமா இருக்கும், கம்பமும் தந்தியும் நேருக்கு நேர் வராது. தகடுன்னா அந்தக் கவலையும் விட்டுது.

—

கொழும்புத்துறையான் (டொரொன்டோ) – வெள்ளி இரவு 8.40

தம்பி, புதுசு வாங்க வேணுமெண்டு இல்லை. பிக்கப்பில தேயுறதுக்கு ஒரு சாமானும் இல்லை, பழசு வாங்கினா ஒண்டும் குறையாது. இஞ்ச நான் வச்சிருக்கிற மூண்டும் பழசுதான். ரெண்டு விசயம் மட்டும் கேட்டுப்போட்டு வாங்கும்: மீட்டரில வச்சு ஓம் காட்டுதோ எண்டு, மற்றது வயர் எவ்வளவு நீளம் மிச்சமிருக்கு எண்டு. சில பேர் கழட்டேக்க கட்டையா நறுக்கிப்போட்டு விப்பினம், ஸ்விட்ச் வரைக்கும் எட்டாது.

—

மேடைக்காரன் – 12 நாள் கழிச்சு, புதன் இரவு 10.05

லிட்டில் 59 பழசு ஒண்ணு கிடைச்சது! வயரும் நீளமா இருந்தது, கொழும்புத்துறை அண்ணாவுக்கு நன்றி. நெட்ல ஒரு நாலு வயர் படம் பாத்து மாட்டினேன். சிவப்பு ஸ்விட்சுக்கு, கறுப்பையும் வெள்ளையையும் முறுக்கி டேப், பச்சையும் வெறும் கம்பியும் கிரவுண்டுக்கு.

சத்தம் வருது, ஆனா பழசை விட மெலிசு. ஹம் அப்படியே இருக்கு. மீட்டர்ல அவங்க தளத்துல போட்டிருக்கறதுல பாதிதான் காட்டுது. என்னை ஏமாத்திட்டாங்களா? ரெண்டு நாளா தூக்கம் இல்ல.

—

சால்டர்சாமி – புதன் இரவு 10.20

யாரும் ஏமாத்தல, நீங்க பாத்தது டிமார்சியோ படம். வயர் நிறத்துக்கு ஊருக்கு ஒரு பாஷை. டிமார்சியோவுல சிவப்பு ஸ்விட்சுக்கு, கறுப்பும் வெள்ளையும் ஜோடி. டங்கன்ல கறுப்பு ஸ்விட்சுக்கு, சிவப்பும் வெள்ளையும் ஜோடி. பச்சையும் வெறும் கம்பியும் ரெண்டுலயும் கிரவுண்டு.

டங்கன்ல கறுப்பும் வெள்ளையும் ஒரே சுருளோட ரெண்டு முனை. அதை முறுக்கினதால அந்தச் சுருள் தன் வாலைத் தானே கடிச்சுக்கிட்டு சும்மா கிடக்கு, மத்தது மட்டும் வேலை செய்யுது. அதான் பாதி ஓம், அதான் ஹம். ஒரு ஸ்க்ரூடிரைவரால தகடு ரெண்டையும் மெல்லத் தட்டிப் பாருங்க. ஒண்ணுல டொக்குனு கேக்கும், இன்னொண்ணுல மூச்சே இருக்காது.

—

மேடைக்காரன் – புதன் இரவு 11.35

ஒண்ணுல டொக். இன்னொண்ணுல ஒண்ணுமே இல்ல!! இப்பவே மாத்தறேன்.

—

மேடைக்காரன் – வியாழன் அதிகாலை 1.10

மாத்திட்டேன். ஆம்பை முழுசாத் திறந்து வச்சிருக்கேன், ஃபேன் சத்தம் கேக்குது.

—

சால்டர்சாமி – வியாழன் காலை 6.40

மிடிலோட சேத்து வைக்கற ரெண்டாவது பொசிஷனையும் கேளுங்க. மூக்கடைச்ச மாதிரி சூம்பிப்போய் இருந்தா கறுப்பையும் பச்சையையும் இடம் மாத்துங்க, வெறும் கம்பி மட்டும் எப்பவும் கிரவுண்டுலயே இருக்கட்டும். நல்லா இருந்தா தொடாதீங்க. அப்புறம், நான் போடச் சொன்ன 470 கே ரெசிஸ்டரைக் கழட்டிக் கேட்டுப் பாருங்க. பிரிட்ஜுல ஹம்பக்கர் வந்தாச்சு, 500-லயும் பிடிக்கலாம். ஆனா நெக்கும் மிடிலும் பழையபடி கூர்மையாகும், எது வேணும்னு நீங்கதான் பாத்துக்கணும்.

—

மேடைக்காரன் – ஞாயிறு பிற்பகல் 1.30

ரெண்டாவது பொசிஷன் நல்லா இருக்கு. ரெசிஸ்டரைக் கழட்டிப் பாத்துட்டுத் திரும்பப் போட்டுட்டேன், நெக் பிக்கப்பை விட மனசு வரல. நேத்து உசிலம்பட்டிப் பக்கம் கச்சேரி. முதல்ல ஜெனரேட்டர்காரரைப் பாத்து எர்த் கம்பி அடிக்க வச்சேன், தண்ணியும் ஊத்தினார். நெக்குல மட்டும் கொஞ்சம் உர்ர் இருந்தது, பேச்சு நேரத்துல பிரிட்ஜுக்குத் தட்டிட்டு நின்னேன். லீட் பிட்டுல கீபோர்டு அண்ணன் திரும்பவே இல்ல. முடிஞ்சதும் "வால்யூம் இன்னும் கொஞ்சம் வச்சிருக்கலாம்"னார்.

—

டவுன்பிக் – ஞாயிறு பிற்பகல் 2.05

சூப்பர் ப்ரோ. கழட்டின பழைய பிரிட்ஜ் பிக்கப்பை என்ன பண்ணப்போறீங்க? தங்கச்சி கிட்டார்ல பிரிட்ஜ் சுருள் அறுந்துபோச்சு, மீட்டர்ல ஒண்ணுமே காட்டல.

—

மேடைக்காரன் – ஞாயிறு பிற்பகல் 2.20

எடுத்துக்கங்க ப்ரோ, கூரியர் காசு மட்டும். வயர் முழு நீளத்துக்கு இருக்கு. அவங்க கிட்டார்ல டோன் நாப் பிரிட்ஜுக்கு வேலை செய்யுதான்னு முதல்ல கேளுங்க.